உம் கொட்டத் தெரியாதவர்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'பட்டன் சார்' என்றுதான் கூப்பிடுவோம். மருத்துவமனை, வங்கி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் தொட்டால் சீட்டுக் கொடுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றனவே, அவற்றின் திரையில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், தொட்ட பிறகு என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவர் வேலை. அந்தத் திரையில் வரும் வாசகங்களை எழுதுவது என் வேலை. பதினொரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என்னை அவர் 'எழுத்தம்மா' என்பார். அதைத் தவிர அவர் சொந்தமாகச் செய்த தமாஷ் எதுவும் எனக்கு நினைவில்லை.

பேசாத மனிதர் என்று சொல்ல முடியாது. கேட்டால் பதில் சொல்வார். ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். அந்த நேரத்தில் முகத்தில் ஒன்றும் இருக்காது. காதில் விழுந்ததா, யோசிக்கிறாரா, கோபமா, எதுவும் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பொறுக்கமாட்டாமல் இன்னொரு தடவை கேட்டுவிடுவார்கள். "அதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்பார். எங்களுக்குப் பழகிவிட்டது. அவர் மனைவிக்குப் பழகவில்லை.

அந்த அம்மாள் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது, விவாகரத்தும் முடிந்திருந்தது. ஒருநாள் அலுவலக லிஃப்ட் பழுதாகி நாங்கள் இருவரும் ஆறு மாடி படியேறியபோது, மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றவர் தானாகவே சொன்னார்.

"போறதுக்கு முன்னாடி என்ன சொன்னா தெரியுமா? 'உங்ககிட்ட பேசுறப்ப, நான் நிஜமாவே பேசுறேனா, இல்ல மனசுக்குள்ள நினைச்சுக்கிறேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுது'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள டாக்ஸி வந்துடுச்சு."

நான் சிரிக்கவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் வீடு நான்காவது மாடியில் இருந்தது. இரண்டு அறை. மகளின் அறையில் கட்டில் அப்படியே போட்டிருந்தது. இவர் கூடத்து சோபாவில் படுப்பார். சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு கரண்டியைக் கழுவிக் கவிழ்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் போன் செய்வாள். பள்ளிக்கூடம், பரீட்சை, ஜலதோஷம் என்று ஏழெட்டு நிமிஷம். நடுவே எப்படியும் ஒரு தடவையாவது "அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்பாள். "இருக்கேம்மா" என்பார். அதோடு பேச்சு ஓய்ந்துவிடும்.

அந்த வருஷம் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பதிவு இயந்திரம் செய்து கொடுத்தோம். முன்கூடத்தில் நான்கு இயந்திரங்கள். போன் நம்பரை அழுத்தி, எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுத்து, 'பதிவு செய்' என்பதைத் தொட்டால் டோக்கன் சீட்டு வரும். கவுன்ட்டரில் வரிசை குறையும் என்று நம்பினோம். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வரிசை குறையவில்லை, சண்டைதான் கூடியிருக்கிறது என்று.

பட்டன் சார் நேரே போய்ப் பார்க்கிறேன் என்றார். மூன்று நாள் காலையில் எட்டு மணிக்கே போய் முன்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது நாள் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் தனியாக வந்தாள். நம்பரை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினாள். 'பதிவு செய்' என்பதைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இயந்திரம் பழைய பதிவேடுகளைத் தேடிப் பார்க்க நான்கு விநாடி எடுக்கும். அந்த நான்கு விநாடியும் திரை அசையாமல் அப்படியே இருக்கும். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி தொட்டாள். அதே நொடியில் அடுத்த திரை வந்துவிட்டது. முன்பு 'பதிவு செய்' இருந்த அதே இடத்தில் இப்போது 'ரத்து செய்' இருந்தது. சீட்டும் வந்தது, பதிவும் ரத்தானது. சீட்டில் நாற்பத்தாறு என்றிருந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாற்பத்தைந்தைக் கூப்பிட்டார்கள். பிறகு நாற்பத்தேழைக் கூப்பிட்டார்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அவள் பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எழுந்து போய்க் கேட்டபோது வரவேற்பறைப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "நீங்களே ரத்து பண்ணிட்டீங்களேம்மா" என்றாள்.

"நான் ஏம்மா ரத்து பண்றேன்? ரெண்டு பஸ் மாறி வந்தவ."

"இங்க அப்படித்தான் காட்டுது. டாக்டரும் கிளம்பிட்டாரே."

அந்த அம்மாள் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. என் தப்புதான், மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பிய பட்டன் சார் என் மேஜை அருகே வந்து நின்றார். "அவங்க மன்னிப்பு கேட்டாங்க எழுத்தம்மா. நான் நாலடி தள்ளி உக்காந்திருந்தேன்."

"நீங்க எழுந்து சொல்லியிருக்கலாமே, உங்க தப்பு இல்லம்மான்னு?"

"என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். அதுக்குள்ள பஸ் ஸ்டாப் பக்கம் போயிட்டாங்க."

'ரத்து' பட்டனை வேறு மூலைக்கு மாற்றுவது ஒரு மத்தியான வேலை. அன்றைக்கே முடித்தார். ஆனால் அந்த நான்கு விநாடியை ஒன்றும் செய்ய முடியவில்லை. தேடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும் என்று கம்ப்யூட்டர்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். மேனேஜர், "ஒரு வட்டம் சுத்த விடுங்க, எல்லாரும் அதைத்தான் பண்றாங்க" என்றார். வட்டத்தைச் சுற்ற விட்டோம். நான் அதன் கீழே 'காத்திருக்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். ஜனங்கள் வட்டத்தைப் பார்த்துவிட்டு, மாட்டிக்கிச்சு போல என்று கவுன்ட்டருக்கே போனார்கள். வரவேற்பறைப் பெண் அதற்கு ராட்டினம் என்று பெயர் வைத்தாள். "உங்க ராட்டினம் நல்லா சுத்துது சார், ஏறத்தான் ஆள் இல்ல" என்று போனில் சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் நாடகக்காரர்கள் வந்தார்கள்.

அவர் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கூடம் உண்டு. குடியிருப்பவர்கள் கூட்டம் போடுவதற்காகக் கட்டியது. கூட்டம் என்றால் யாரும் வருவதில்லை என்பதால் வாடகைக்கு விட்டார்கள். வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறிலிருந்து எட்டுவரை ஒரு சிறிய நாடகக் குழு ஒத்திகை பார்க்கத் தொடங்கியது. சத்தம் காற்றுப் போக்கி வழியாக நான்காவது மாடிச் சமையலறைக்கு நேராக வந்தது. இரண்டாவது வாரம் அவர் கீழே இறங்கிப் போய்க் கதவருகே நின்றார்.

குழுவை நடத்திய பெண்மணி ஒரு பல் டாக்டர். பகலில் ஊர்ப் பற்களைப் பிடுங்குவாள், மாலையில் நடிகர்களின் உயிரை வாங்குவாள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். "சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள்.

வழக்கமான இடைவெளி விழுந்தது. பிறகு, "இல்ல. அந்த அத்தையா நடிக்கறவங்க, அண்ணன் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே அடுத்த வசனத்தை ஆரம்பிச்சுடறாங்க. இருபது தடவையும். சமையல்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். தாங்கல" என்றார்.

அண்ணனாக நடித்தவர் ஒரு போஸ்ட்மேன். "அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நான் சொன்னா யார் கேக்கறா?"

"அந்த அத்தை நான்தான்" என்றாள் பல் டாக்டர். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நடுக்கூடத்தில் போட்டாள். "உக்காருங்க. நானே டைரக்டர், நானே அத்தை. வெளியில இருந்து பாக்க ஆளே இல்ல. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், பாத்தா போதும்."

அப்படித்தான் அவர் ஐந்து மாதம் அந்த நாடகத்தின் ஒரே பார்வையாளர் ஆனார். அலுவலகத்திலிருந்து சரியாக ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார். அவர் எங்கோ போவதற்காகக் கிளம்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாடகத்தில் மூன்று பேர்தான். வீட்டை விட்டுப் போகப்போகிற அண்ணன், வாய் ஓயாத அத்தை, வாய் பேசாத தங்கை. தங்கையாக வந்தவள் உண்மையில் நடன ஆசிரியை. பல் டாக்டருக்கும் போஸ்ட்மேனுக்கும்தான் தினமும் தகராறு.

"உங்க வசனம் முடிஞ்சதும் நீங்க கடையை மூடிட்டுப் போயிடறீங்க" என்றாள் ஒருநாள்.

"நான் இங்கதானே நிக்கிறேன் டாக்டர்."

"நிக்கிறீங்க, ஆனா இல்ல. அத்தை பத்து வரி பேசறா. பத்து வரிக்கும் நீங்க உம் கொட்டணும். வாயால வேணாம். கண்ணால, தோளால, காலை மாத்தி வெச்சு நிக்கிறதால. நீங்க கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியலைன்னா நான் எப்படிப் பேசறது? அதனாலதான் உங்க வரி முடியறதுக்குள்ள நான் முந்திக்கிறேன். அவசரத்துல இல்ல. பயத்துல."

மறுநாள் காலை பட்டன் சார் பையைக்கூட வைக்காமல் என்னிடம் வந்தார். "ஏன் ரெண்டாவது தடவை தட்டறாங்கன்னு தெரிஞ்சு போச்சு. நாம அவசரம்னு நினைச்சோம். அவசரம் இல்ல, பயம்."

"அப்ப ராட்டினம் உம் கொட்டறது இல்லையா?" என்றேன்.

"இல்ல. நீங்க ஒரு கதை சொல்றீங்க. எதிர்ல ஒருத்தன் உம் உம் உம்னு ஒரே சுருதியில சொல்லிக்கிட்டே இருக்கான். நடுவுல நீங்க நிறுத்தினாலும் உம்ங்கறான். தொடர்ந்து சொல்வீங்களா? அவன் கேக்கலைன்னு தெரிஞ்சு போயிடும். ராட்டினமும் யார் வந்தாலும் அதே சுத்துதான்." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் அந்த 'காத்திருக்கவும்'. அது யார் சொல்றது? கதவுக்குப் பின்னாடி இருந்து யாரோ சொல்ற மாதிரி இருக்கு" என்றார்.

எழுதியவள் நான்தான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி.

நானும் ஒருநாள் ஒத்திகைக்குப் போனேன். அன்றைக்குத் தங்கை, அண்ணனிடம் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கொடுக்க வேண்டும். நான்கு தடவையும் போஸ்ட்மேன் தவறவிட்டார். நல்லவேளை, தம்ளர் பிளாஸ்டிக். ஐந்தாவது தடவை நடன ஆசிரியை, "தப்பு என்னோடது" என்றாள். நடந்து வந்தவள் கையை நீட்டுவதற்கு முன்னால் தோளை மட்டும் லேசாக அவர் பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான். போஸ்ட்மேனின் கை தானாக உயர்ந்தது. தம்ளர் கை மாறியது தெரியவே இல்லை.

"கை போறதுக்கு முன்னாடி தோள் சொல்லிடணும்" என்றாள் அவள். "குதிக்கப்போறேன்னா முழங்கால் முதல்ல மடங்கும், பாக்கறவங்களுக்கு அப்பவே தெரிஞ்சுடும். திடீர்னு கொடுத்தா வாங்கறவன் என்ன பண்ணுவான், பாவம்?"

பட்டன் சார் இதையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார். எத்தனை விநாடி நிறுத்தினால் சரியாக இருக்கும் என்று ஒருமுறை பல் டாக்டரிடம் கேட்டாராம். அதற்கு அவள், "கடிகாரத்தைப் பாக்காதீங்க. எதிர்ல இருக்கிறவன் மூச்சை விட்டானான்னு பாருங்க. ஊசி போடறப்ப நான் அதைத்தான் பாப்பேன்" என்றாளாம்.

அடுத்த மாதம் அவர் ஒரு காரியம் செய்தார். ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, திரை அளவுக்கு ஒரு சன்னலும் சீட்டு வருவதற்கு ஒரு பிளவும் வெட்டினார். திரைகளையெல்லாம் காகிதத்தில் வரைந்தார். அதை மருத்துவமனை முன்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், உள்ளே ஒரு முக்காலி போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார். ஐம்பதை நெருங்கும் மனிதர். காகிதங்களை எடுத்துக் கொடுக்க நான் பின்னால் நின்றேன்.

"ராட்டினம் போய் இப்ப பொம்மலாட்டமா?" என்றாள் வரவேற்பறைப் பெண். ஆனால் நோயாளிகளிடம் விஷயத்தைச் சொல்லி, விருப்பமுள்ளவர்களை அவளே அனுப்பி வைத்தாள்.

முதல் நாள் படுதோல்வி. ஒருவர் வந்து காகிதப் பட்டனைத் தொட்டார். உள்ளே இவர் தன் வழக்கப்படி அசையாமல் உட்கார்ந்துவிட்டார். வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து பிளவு வழியாக, "அண்ணே, உள்ள இருக்கீங்களா?" என்று கேட்டார். இவர் முகம் எப்படிப் போனது என்று பெட்டிக்குப் பின்னாலிருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது நாள் அவருக்குக் கை வந்துவிட்டது. தொட்ட உடனே அந்தப் பட்டனைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வார். அடுத்து, அவர்கள் அழுத்திய நம்பரையே பெரிதாகக் காட்டும் காகிதம் வரும், 'இந்த நம்பர்தானே?' என்று. அவர்கள் தலை அசைவதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது, 'உங்க பேரைத் தேடுறேன்.' பிறகு 'கிடைச்சிடுச்சு, சீட்டு வருது.' ஒரு காகிதம் போய் இன்னொன்று வருவதற்கு முன்னால் பழையதை விரலளவு ஒதுக்கிக் காட்டுவார். தோள் திரும்புகிற மாதிரி. இரண்டடிக்குள் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு மட்டும் 'வாங்க' காட்டினார். அதை முன்கூட்டியே நீட்டினால் ஜனங்கள் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்கள். அதே நான்கு விநாடிதான். யாரும் இரண்டாவது தடவை தொடவில்லை.

கடைசி நாள் கைத்தடியோடு ஒரு மூதாட்டி வந்தாள். எல்லாம் முடிந்து சீட்டை வாங்கிக்கொண்ட பிறகும் போகவில்லை. பிளவருகே வாயை வைத்து, "உள்ள காத்து வருதாப்பா?" என்றாள்.

"வருதும்மா."

"காலையில இருந்து உள்ளேயே இருக்கியா?"

"ஆமாம்மா."

"சாப்பிட்டியா?"

நான் காகிதத்தைப் பிடித்தபடி அவரைப் பார்த்தேன். அவர் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவி அவசரப்படவில்லை, தடியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் இல்லம்மா" என்றார் கடைசியில்.

கைப்பையில் துழாவி, ஒரு பிஸ்கட்டைச் சீட்டு வரும் பிளவு வழியாகத் தள்ளிவிட்டு அவள் போனாள். அவர் அதைப் பாதி உடைத்து எனக்குக் கொடுத்தார். அங்கேயே தின்றோம்.

பெட்டியில் கற்றதையெல்லாம் உண்மையான இயந்திரத்தில் ஏற்ற இரண்டு மாதம் பிடித்தது. மேனேஜர் சிலவற்றை வெட்டினார். 'இந்த நம்பர்தானே?' தப்பித்தது, 'வாங்க' போய்விட்டது. எப்படியோ சண்டை அடங்கியது. "இப்ப மெஷினோட யாரும் சண்டை போடறதில்ல, பழையபடி என்கூடத்தான் போடறாங்க" என்றாள் வரவேற்பறைப் பெண்.

இதற்கு நடுவே அவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் முயற்சி செய்துகொண்டிருந்தார். மகள் பேசும்போது "ம்" என்பார், "அப்படியா" என்பார், "அப்புறம்?" என்பார். முதல் வாரமே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னப்பா, யாரோ சொல்லிக் குடுத்த மாதிரி ம் ம்னு சொல்றீங்க?"

"ஆமாம்மா. ஒரு பல் டாக்டர் சொல்லிக் குடுத்தாங்க."

அவள் சிரித்துவிட்டாளாம். அதைத் திங்கட்கிழமை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

நாலைந்து வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை அவர் டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் கோப்பையை எடுக்காமலே நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கேட்டேன். முந்தின நாள் மகள் சொன்னதை அப்படியே சொன்னார்.

"'அப்பா, அம்மா வேற கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க. ஆறு மாசமா உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீங்க அந்தப் பக்கம் சத்தமே இல்லாம இருப்பீங்க. ஒண்ணுமே தெரியாத இடத்துல இதை எப்படிக் கொண்டு போய் வைக்கிறதுன்னு விட்டுட்டேன்'னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ம்னு சொன்னேன். 'அவர் நல்லவர்தாம்ப்பா'ன்னா. அதுக்கும் ம்னேன். 'கோவமா?'ன்னா. இல்லம்மா, நீ சொல்லுன்னேன். நாப்பது நிமிஷம் சொன்னா எழுத்தம்மா. புது வீடு, அவளுக்கு அங்க தனி ரூம், எல்லாம். இவ்வளவு நேரம் அவ என்கிட்ட பேசினதே இல்ல."

போனை வைத்த பிறகு பால்கனியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தாராம். மூன்று சட்டை. மடித்து முடித்ததும் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மூன்றையும் பிரித்து மறுபடி மடித்தாராம்.

உம் கொட்டக் கற்றுக்கொடுத்தவள்மீது எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு வழக்கம்போலக் கிளம்பினார்.

நாடகம் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. நூற்றைம்பது பேர் வந்தார்கள். அவர் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நான். எல்லா வசனமும் அவருக்கு மனப்பாடம், ஆனால் உதடு அசையவில்லை. அவர் ஐந்து மாதம் சிரித்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு ஒன்றும் தோன்றாத இடத்தில் அரங்கமே குலுங்கியது. போஸ்ட்மேன் அன்று ஒரு வரிக்குக்கூடக் கடையை மூடவில்லை. அத்தை பேசப் பேச அவர் உடம்பு முழுக்கக் கேட்டது. தம்ளர் கைமாறும் இடத்தில் அரங்கில் ஒரு சிறு சத்தம்கூட இல்லை. பட்டன் சார் மூச்சை விட்டதுதான் எனக்குக் கேட்டது.

முடிந்ததும் மேடை நிறைய உறவுக்காரர்கள் ஏறிவிட்டார்கள். போஸ்ட்மேனின் மனைவி, பல் டாக்டரின் பிள்ளைகள், யார் யாரோ. போட்டோ எடுத்தார்கள். "நீங்களும் போங்க சார்" என்றேன். போனார். மேடைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, யாரும் கேட்காமலே, காலி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். பாதி அடுக்கியபோது பல் டாக்டர் கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். அவரும் கையசைத்தார். அடுக்கி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்த நாடகத்துக்குப் பேர் கிடைத்ததால் குழுவுக்கு ஊரின் அந்தக் கோடியில் பெரிய ஒத்திகை இடம் கிடைத்தது. கீழ்த்தளக் கூடத்தை ஒரு மரச்சாமான் கடை கிடங்காக எடுத்துக்கொண்டது. புதிய இடத்துக்கும் வரச்சொல்லி அழைத்தார்கள். ஒருமுறை போய் வந்தார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். "நல்லா பண்றாங்க" என்றார். "ஆள் நிறைய இருக்கு."

பிறகு பல மாதம் அவர் ஏழு மணிக்கு மேல்தான் அலுவலகத்திலிருந்து கிளம்பினார். எங்களுக்கு அடுத்த வேலையாகப் பஸ் டிக்கெட் இயந்திரம் வந்திருந்தது. பஸ் நிலையத்தில் நின்று, ஜனங்கள் தோளில் பையோடும் இடுப்பில் குழந்தையோடும் எப்படி வருகிறார்கள், எந்தக் கை காலியாக இருக்கிறது என்று படம் படமாக வரைந்து வந்தார். கேள்வி கேட்டால் இப்போதும் பதில் வர நேரமாகும். ஆனால் அதற்கு முன்னால் தலை லேசாக அசையும். புதிதாக வந்தவர்கள் இரண்டாம் தடவை கேட்பதில்லை. அந்த அசைவு இயல்பாக வந்ததா, பழகி வந்ததா என்று எனக்குத் தெரியாது. மகளின் போன் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. வரும்போது நீளமாக வருகிறதாம்.

ஒரு புதன்கிழமை ஐந்தரைக்குப் பையை எடுத்தார். எங்கே என்று கண்ணாலேயே கேட்டேன்.

"டான்ஸ் கிளாஸ்" என்றார், யாரோ டயர் பஞ்சர் என்று சொல்கிற குரலில். நடன ஆசிரியை பெரியவர்களுக்காக வாரம் ஒரு வகுப்பு நடத்துகிறாளாம். ஒரு கடைக்கு மேலே, மாடியில். தெருவில் எதிர்ப்பட்டபோது சேரச் சொன்னாளாம். இவர் ஆடத் தெரியாது என்றதற்கு, "தெரிஞ்சவங்களுக்கு எதுக்குங்க கிளாஸ்?" என்றாளாம்.

மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். பன்னிரண்டு பெண்கள், இவர் ஒருவர்தான் ஆண். கடைசி வரிசையில் ஓரமாக நிறுத்தினார்களாம். எல்லோரும் இடது காலை எடுத்து வைத்தபோது இவர் வலது காலை எடுத்து வைத்திருக்கிறார். எல்லோரும் திரும்பியபோது இவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்திலிருந்த பெண்மணியைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று அவள் காலையே கவனித்துக்கொண்டிருந்தாராம். அவள் ஆடிக்கொண்டே சொன்னாளாம்:

"என்னைப் பாத்து ஆடாதீங்க. நானே முன்னாடி நிக்கிறவங்களைப் பாத்துத் தப்பா ஆடிக்கிட்டு இருக்கேன்."

வகுப்பு முடிந்து எல்லோரும் சேர்ந்து கீழே இறங்கிப் பேசிக்கொண்டே ஒரு பக்கம் போனார்களாம். இவருக்குப் பஸ் எதிர்ப்பக்கம். மழை தூறிக்கொண்டிருந்ததாம். முழங்கால் வலி, படியேற முடியவில்லை, ரொட்டியைச் சூடாக்காமலே தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன் என்றார்.

அடுத்த புதன்கிழமையும் போனார்.